உருளைக்கிழங்குக்கு ஒரு கோடி: விதை யாருக்குச் சொந்தம்?

இந்த எபிசோட்ல விதையைப் பத்திப் பேசப் போறோம். விதைன்னதும் நெல்லு, கம்பு, கேழ்வரகுன்னு நினைச்சிருப்பீங்க. அங்கயும் வருவோம். ஆனா நான் ஆரம்பிக்கப் போறது ஒரு சிப்ஸ் பாக்கெட்ல இருந்து.

2019 ஏப்ரல். குஜராத்துல சபர்காந்தா மாவட்டத்துல நாலு விவசாயிங்க மேல அகமதாபாத் வணிக நீதிமன்றத்துல வழக்கு. மூணு நாலு ஏக்கர் வச்சிருக்கிற சாதாரண ஆளுங்க. வழக்குப் போட்டது பெப்சிகோ இந்தியா. கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய். கம்பெனி பதிவு பண்ணி வச்சிருந்த ஒரு உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாம பயிரிட்டு வித்தாங்க என்பதுதான் குற்றச்சாட்டு. இதுக்கு முந்தின வருஷமே பக்கத்து ஆரவல்லி மாவட்டத்துல வேற சில விவசாயிங்க மேலயும் இதே மாதிரி வழக்குங்க போட்டிருந்தாங்க. அங்க கேட்டது ஆளுக்கு 20 லட்சம்.

அந்த ரகத்தோட பேர் எஃப்.எல். 2027. குஜராத்துல எஃப்.சி. 5ன்னு சொன்னாத்தான் தெரியும். லேஸ் சிப்ஸ் போடுற கிழங்கு இதுதான். நம்ம வீட்டுக் குழம்புல போடுற கிழங்கை விட இதுல தண்ணிச்சத்து கம்மி, அதனால சிப்ஸ் போடத் தோதானது. கம்பெனி தன்னோட ஒப்பந்தத்துல இருக்கிற விவசாயிங்களுக்கு விதைக்கிழங்கு குடுக்கும், விளைஞ்சதும் திரும்ப வாங்கிக்கும்.

உருளைக்கிழங்கு விவசாயத்துல தனியா விதைன்னு ஒண்ணு கிடையாது. கிழங்கேதான் விதை. முளைக்கண் இருக்கிற ஒரு துண்டை வெட்டி மண்ணுல வச்சா செடி வந்துடும். அப்போ ஒரு ஊர்ல நாலு பேர் ஒரு ரகத்தைப் போட்டா, அஞ்சாவது ஆள் கைக்கு அது போய்ச் சேர எவ்வளவு நாள் ஆகும்? கம்பெனி ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்து ஆட்களை வியாபாரி மாதிரி அனுப்பி, கிழங்கு மாதிரி வாங்கி, ரகசியமா வீடியோவும் எடுத்ததா விவசாய அமைப்புங்க புகார் சொன்னாங்க. கோர்ட்டு முதல் கட்டத்துலயே, இந்த ரகத்தைப் பயிரிடவோ விக்கவோ கூடாதுன்னு விவசாயிங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது.

விவசாயிங்க பக்கம் இருந்தவங்க ஒரு சட்டப் பிரிவைக் காட்டினாங்க. தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001. அதுல பிரிவு 39, உட்பிரிவு 1, நாலாவது கூறு. அது சொல்றது இவ்வளவுதான்: ஒரு விவசாயி தன் விளைச்சலை, விதையையும் சேர்த்து, சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாத்திக்கலாம், பகிர்ந்துக்கலாம், விக்கலாம். அந்த ரகம் வேற ஒருத்தர் பேர்ல பதிவாகி இருந்தாலும் சரி. இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி அவருக்கு எப்படி உரிமை இருந்ததோ, அதே மாதிரி இப்பவும். ஒரே ஒரு நிபந்தனை, பிராண்டு பேர் போட்டு விதையா விக்கக் கூடாது.

உலகத்துல பல நாடுகள்ல இப்படி ஒரு வாசகம் கிடையாது. இது இந்தியாவுல எப்படி வந்ததுங்கறதுதான் இன்னிக்குக் கதை.

‘முன்னாடி இருந்த மாதிரி’ன்னா எப்படி? தாத்தா பாட்டி ஊர்ல இருந்தவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. அறுவடைக்கு முன்னாடியே வயல்ல இறங்கி, கலப்பு இல்லாத, திரட்சியான கதிரா பாத்து ஒதுக்குவாங்க. காயவச்சு, வைக்கோல் புரியில கட்டி, விதைக்கோட்டையா ஏத்தி வைப்பாங்க. பக்கத்து ஊர் மாமன் வயல்ல ஒரு ரகம் நல்லா வந்திருந்தா, ரெண்டு மரக்கா குடுத்து ரெண்டு மரக்கா வாங்கிப்பாங்க. இதுல வாங்குறவர், விக்குறவர், கண்டுபிடிச்சவர்னு தனித்தனி ஆள் கிடையாது. எல்லாரும் எல்லாமுமா இருந்தாங்க. இதுக்குச் சட்டமே தேவைப்படல.

சட்டம் முதல்ல தேவைப்பட்டது மேற்குல. 1930ல அமெரிக்கா தாவரங்களுக்கு பேட்டன்ட் குடுக்க ஒரு சட்டம் கொண்டு வந்தது. கன்று, ஒட்டு மூலமா பெருகுற பழ மரம், ரோஜா மாதிரி செடிங்களுக்கு. அந்தச் சட்டத்துல ஒரு விதிவிலக்கு இருந்தது. கிழங்கு மூலமா பெருகுற செடிங்களுக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு. ஏன்னா தட்டுல இருக்கிற உருளைக்கிழங்கும் வயல்ல நடுற உருளைக்கிழங்கும் ஒண்ணுதானே, சாப்பாட்டுக்கு எப்படி பேட்டன்ட் குடுக்கிறதுன்னு தயங்கினாங்க. 1930ல அமெரிக்கா தயங்கின அதே கிழங்குக்குத்தான் 2019ல குஜராத்துல கோடி ரூபாய் வழக்கு. எனக்கு இது வேடிக்கையாவும் இருக்கு, கொஞ்சம் எரிச்சலாவும் இருக்கு.

1961ல பாரிஸ்ல ஐரோப்பிய நாடுங்க சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதைச் சுருக்கமா யூபாவ்னு சொல்வாங்க. புது ரகம் உருவாக்குறவருக்கு, அதாவது பிரீடருக்கு, அந்த ரகத்தோட விதையை விக்க தனி உரிமை. அவங்க வாதத்தையும் நியாயமா சொல்லிடணும். ஒரு நல்ல ரகம் உருவாக்க பத்து வருஷம்கூட ஆகும். முதல் வருஷம் விதை வாங்கின விவசாயி அடுத்த வருஷத்துல இருந்து தானே விதை எடுத்துக்கிட்டா, உருவாக்கினவருக்குப் போட்ட காசு எப்படித் திரும்பும்? கேள்வி சரிதான். 1978 வரைக்கும் இந்த ஒப்பந்தத்துல விவசாயி தன் வயலுக்கு விதை எடுத்து வைக்கிறதைப் பெரிசா கண்டுக்கல. 1991ல அதைத் திருத்தி இறுக்கினாங்க. அதுக்கப்புறம், விவசாயி தன் விளைச்சல்ல இருந்து தன் நிலத்துக்கு விதை எடுத்து வைக்கிறதே அந்தந்த நாட்டு அரசாங்கம் விருப்பப்பட்டா குடுக்கிற சலுகை ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுக்கிறதோ விக்கிறதோ அந்தச் சலுகைக்குள்ள வராது.

ஆனா இந்த வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. பிரீடர் வெறுங்கையில ரகம் உருவாக்க முடியாது. அவர் கலந்து பாக்குற மூல விதை எங்க இருந்து வருது?

இதுக்கு நெல்லுல ஒரு பிரமாதமான உதாரணம் இருக்கு. 1966ல பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. ஆசியா முழுக்க அந்தக் குட்டை ரகங்கள் பரவுச்சு. கொஞ்ச வருஷத்துல, புகையான் பூச்சி பரப்புற ஒரு வைரஸ் வந்து பயிரைப் புல்லு மாதிரி குட்டையாக்கிப் போட்டுச்சு. ஒரே மாதிரி நெல்லு, ஒரே மாதிரி பலவீனம். எதிர்ப்புச் சக்தி இருக்கிற ரகம் வேணும்னு 6,000க்கும் மேல மாதிரிகளைச் சோதிச்சாங்க. உருப்படியா கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. உத்தரப் பிரதேசத்துல இருந்து சேகரிச்சிருந்த ஒரு காட்டு நெல். அதைக் கலந்து உருவாக்கினதுதான் 1976ல வந்த ஐ.ஆர். 36. 1980கள்ல உலகத்துலயே அதிகமா பயிரான நெல் ரகம்னு அதைச் சொல்வாங்க. அந்த ஒத்தை மாதிரி மட்டும் அன்னிக்குச் சேகரிப்புல இல்லாமப் போயிருந்தா?

பயிர்ப் பன்மைன்னு சொன்னா நிறைய பேருக்கு கலர் கலரா அரிசி அடுக்கி வச்ச ஃபோட்டோதான் ஞாபகம் வரும். உண்மையில அது அடுத்த நோய்க்கான மருந்துப் பெட்டி. எந்த மருந்து எப்போ தேவைப்படும்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

இந்தப் பெட்டியை நிரப்பின ஒருத்தர் கதையைச் சொல்லணும். ஆர்.எச். ரிச்சாரியா. கட்டாக்ல இருக்கிற மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1959ல இருந்து இயக்குநரா இருந்தவர். வெளிநாட்டு குட்டை ரகங்களை அவசரமா பரப்பாதீங்க, அதோட நோயும் சேர்ந்து வரும்னு எதிர்த்தார். விளைவு, 1960களோட நடுவுலயே அவரைக் கட்டாயமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவர் ஒரிசா ஹைகோர்ட்டுக்குப் போய் வழக்குல ஜெயிச்சார்.

1970கள்ல அவர் மத்தியப் பிரதேச அரசோட நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். ராய்ப்பூர், இன்னிக்கு சத்தீஸ்கர் தலைநகர். கையில இருந்தது சில உதவியாளர்கள், சொற்பமான பட்ஜெட். ஊர் ஊரா போய் சேகரிக்க ஆரம்பிச்சாங்க. சில வருஷத்துல ஏறக்குறைய 19,000 நெல் மாதிரிகள் சேர்ந்துடுச்சு. இந்தியா முழுக்க ஒரு காலத்துல ரெண்டு லட்சம் ரகம் இருந்திருக்கும்னு அவர் ஒரு கணக்கு சொல்வார்.

அவர் சும்மா விதையை மட்டும் பொட்டலம் கட்டல, விவசாயி அதை ஏன் வச்சிருக்கார்னும் கேட்டு எழுதினார். சத்தீஸ்கர்ல சில இடங்கள்ல இலை ஊதா நிறத்துல இருக்கிற நெல்லைப் பயிரிடுவாங்க. ஏன் தெரியுமா? அங்க வயல்ல காட்டு நெல் களையா முளைக்கும். இளம் பயிரா இருக்கிறப்போ நெல்லையும் களையையும் கண்ணால பிரிக்க முடியாது. ரெண்டும் பச்சை. ஊதா நெல்லைப் போட்டா, பச்சையா தெரியறதையெல்லாம் பிடுங்கிடலாம். எவ்வளவு எளிமையான தீர்வு பாருங்க. இதைக் கண்டுபிடிச்சவங்க பேர் எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. 1970களோட கடைசியில அந்த நிறுவனத்தையே மூடிட்டாங்க. ரிச்சாரியா மறுபடி வெளிய. சேகரிப்பு மட்டும் வேளாண் பல்கலைக்கழகத்தோட கைக்குப் போச்சு. அந்தச் சேகரிப்பு இன்னும் ஒரு தடவை இந்தக் கதைக்குள்ள வரும்.

அதே காலத்துல உலக மேடையிலயும் இந்தச் சண்டை நடந்துக்கிட்டு இருந்தது. ஏழை நாட்டு வயல்ல இருந்து எடுத்த விதை ‘மனிதகுலத்தின் பொதுச் சொத்து’, அதுல இருந்து பணக்கார நாட்டு லேப்ல உருவான ரகம் தனியார் சொத்து. இது என்ன நியாயம்னு வளரும் நாடுங்க ஐ.நா.வோட உணவு மற்றும் வேளாண்மை அமைப்புல கேட்டாங்க. 1989ல அங்க ஒரு தீர்மானம் நிறைவேறுச்சு. பயிர் ரகங்களைத் தலைமுறை தலைமுறையா காப்பாத்தி, மேம்படுத்தி, குடுத்துக்கிட்டே வந்ததால விவசாயிங்களுக்கு ஓர் உரிமை உண்டு, அதோட பேர் ‘உழவர் உரிமை’ன்னு. அதுக்கு ஒரு நிதியும் அறிவிச்சாங்க. தீர்மானம் பேப்பர்ல இருந்தது, நிதியில காசுதான் வரல.

அதுக்குள்ள உலக வர்த்தக ஒப்பந்தம் வந்துடுச்சு. 1995ல நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் விதிப்படி, உறுப்பு நாடுங்க தாவர ரகங்களுக்குப் பாதுகாப்பு குடுத்தே ஆகணும். பேட்டன்டாவோ, தனக்குத் தகுந்த ஒரு தனிச் சட்டமாவோ, ரெண்டும் சேர்ந்தோ. இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போதே கர்நாடகா கொதிச்சுது. 1992 டிசம்பர்ல கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்து விவசாயிங்க பெங்களூர்ல கார்கில் விதைக் கம்பெனி ஆபீஸுக்குள்ள புகுந்து ஃபைல்களை ஜன்னல் வழியா வெளிய எறிஞ்சு கொளுத்தினாங்க. அடுத்த வருஷம் பெல்லாரியில கட்டிக்கிட்டிருந்த கம்பெனியோட விதை ஆலையை இடிச்சாங்க. தலைவர் பேராசிரியர் நஞ்சுண்டசாமி. அவங்க இதுக்கு வச்ச பேர் விதை சத்தியாகிரகம். இடிக்கிறதை சத்தியாகிரகம்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. ஆனா வாஷிங்டன், ஜெனீவாவுல பேசிட்டு இருந்த ஒரு விஷயத்தை இந்தியச் செய்தித்தாளோட முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்தது அவங்கதான்.

சென்னைக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. பசுமைப் புரட்சியோட முகமா நமக்குத் தெரிஞ்ச எம்.எஸ். சுவாமிநாதன் 1994ல தன்னோட ஆராய்ச்சி அறக்கட்டளையில ஒரு கலந்துரையாடல் வச்சார். அவர் வச்ச யோசனை, பிரீடர் உரிமையையும் உழவர் உரிமையையும் ரெண்டு சட்டமா பிரிக்காதீங்க, ஒரே சட்டத்துல வையுங்கன்னு. அவர் கொண்டு வந்த ரகங்களாலதான் பழைய ரகங்கள் போச்சுன்னு அவரைத் திட்டுறவங்க உண்டு. நானும் அந்த விமர்சனத்தை முழுசா தள்ளிட மாட்டேன். ஆனா இந்த விஷயத்துல அவர் எந்தப் பக்கம் நின்னார்ங்கறதையும் சேர்த்துதான் எழுதணும்.

1999 டிசம்பர்ல மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஒரு கூட்டுக் குழுவுக்கு அனுப்பினாங்க. தலைவர் சாகிப் சிங் வர்மா. குழு விவசாய அமைப்புங்க, விஞ்ஞானிங்க, கம்பெனிங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டு, மசோதாவையே மாத்தி எழுதிடுச்சு. உழவர் உரிமைக்குன்னு ஒரு தனி அத்தியாயம் உருவானது அங்கதான். நான் முன்னாடி சொன்ன ‘சேமிக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம்’ வாசகம் அந்த அத்தியாயத்துலதான் இருக்கு. இன்னும் சிலதும் உண்டு. கம்பெனி சொன்ன அளவுக்கு விதை விளையலைன்னா விவசாயி நஷ்டஈடு கேக்கலாம். உரிமை பதிவாகி இருக்கிறது தெரியாம ஒரு விவசாயி மீறிட்டா அவரைத் தண்டிக்க முடியாது. முளைக்காத விதை தர்ற டெர்மினேட்டர் தொழில்நுட்பம் இருந்தா பதிவே கிடையாது. விவாதம் ஆன பிறகு 2001 ஆகஸ்ட்ல மக்களவையில நிறைவேறுச்சு, அக்டோபர்ல ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். சட்டத்தோட பேர்லயே உழவர் உரிமை இருக்குங்கறதைக் கவனிச்சீங்களா? இந்தியா இன்னிக்கு வரைக்கும் யூபாவ்ல உறுப்பினர் ஆகல.

சரி, ராய்ப்பூர் சேகரிப்பு. சட்டம் வந்த அடுத்த வருஷமே, 2002ல, அந்தப் பல்கலைக்கழகம் சின்ஜென்டாங்கற பன்னாட்டு விதைக் கம்பெனியோட ஒரு ஒப்பந்தம் பேசிட்டு இருக்குன்னு செய்தி வந்தது. ரிச்சாரியா சேகரிச்ச அந்த 19,000 மாதிரிகளைக் கம்பெனியும் பயன்படுத்தலாம்ங்கற மாதிரி. சத்தீஸ்கர்ல பெரிய எதிர்ப்பு. விதையைக் குடுத்த விவசாயிங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. 2002 டிசம்பர்ல கம்பெனி தானாவே விலகிக்கிச்சு. ரிச்சாரியா அப்போ உயிரோட இல்ல.

இப்போ குஜராத் வழக்குக்கு வருவோம். 2019 ஏப்ரல் கடைசியில கம்பெனி கோர்ட்ல ஒரு சமரசம் பேசுச்சு. விவசாயிங்க எங்க கிட்ட விதை வாங்கி எங்களுக்கே விக்கட்டும், இல்லைன்னா இந்த ரகத்தைப் போடாம இருக்கட்டும்னு. ஆனா அதுக்குள்ள நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிடுச்சு. மே மாசம் வழக்குகளை வாபஸ் வாங்கிட்டாங்க.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். வாபஸ் வாங்கினதால பிரிவு 39க்கு என்ன அர்த்தம்னு கோர்ட் தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசியமே வரல. விவசாயிங்க ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சது, ஆனா அடுத்த தடவை காட்டுறதுக்கு ஒரு தீர்ப்பு கையில இல்ல. நியாயப்படி பாத்தா கம்பெனிக்கு இது நல்ல வெளியேறும் வழிதான்.

அதனால சமூகச் செயற்பாட்டாளர் கவிதா குருகண்டி வேற பக்கம் இருந்து போனார். ரகத்தோட பதிவையே ரத்து பண்ணணும்னு மனு. 2021 டிசம்பர்ல பதிவு ஆணையம் ரத்து பண்ணுச்சு. விண்ணப்பத்துல தப்பான தகவல் இருந்தது, விவசாயிங்களுக்கு இதனால கஷ்டம் ஏற்பட்டதுன்னு காரணம் சொன்னாங்க. 2023 ஜூலையில டெல்லி ஹைகோர்ட்ல தனி நீதிபதி கம்பெனியோட மேல்முறையீட்டைத் தள்ளுபடி செஞ்சார்.

இந்த வழக்கு ஓடின அதே வருஷங்கள்ல, அந்தப் பிரிவு காப்பாத்த நினைக்கிற காரியம் தமிழ்நாட்டுல கோர்ட்டுக்கு வெளிய நடந்துக்கிட்டேதான் இருந்தது. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்துல ‘நெல்’ ஜெயராமன் நடத்தின நெல் திருவிழா. நம்மாழ்வார் வழியில வந்தவர். காட்டுயானம் மாதிரி ரகங்களைத் தேடிப் பிடிச்சு, 170க்கும் மேல மீட்டெடுத்தார். அவர் வச்ச கணக்கு ரொம்ப எளிமையானது. திருவிழாவுக்கு வர்ற விவசாயி 2 கிலோ விதைநெல் வாங்கிட்டுப் போகணும், அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும். அவர் 2018 டிசம்பர்ல காலமானார். யூபாவ் 1991 விதி இருக்கிற நாட்டுல, பதிவான ஒரு ரகத்தை வச்சு இப்படி ஒரு திருவிழா நடத்தினா வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஆனா சட்டம் இருந்தும் உரிமை இல்லாத இடம் ஒண்ணு இருக்கு. வீரிய ஒட்டு ரகம், அதாவது ஹைபிரிட். அதுல இருந்து எடுத்த விதையை மறுபடி போட்டா செடிக்குச் செடி மாறும், முதல் வருஷ விளைச்சல் வராது. 2002ல அனுமதி கிடைச்ச பி.டி. பருத்தி இந்தியாவுல ஹைபிரிட்டாத்தான் வந்தது. பருத்தி விவசாயிக்கும் பிரிவு 39 உண்டு. சேமிக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம். ஆனா சேமிச்சு வச்சு பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு வருஷமும் பாக்கெட் வாங்கியே ஆகணும். கம்பெனிக்கு இங்க வழக்குப் போட வேண்டிய தேவையே இல்ல, விதையே அந்த வேலையைப் பாத்துக்குது. உழவர் உரிமையைப் பத்திப் பேசுறவங்க நிறைய பேர் பேட்டன்டைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, இதை ஒரு வரியில கடந்துடுவாங்க. என் கணக்குல பெரிய இழப்பு இதுதான்.

உருளைக்கிழங்கு வழக்கோட கடைசிப் பகுதி. 2024 ஜனவரியில டெல்லி ஹைகோர்ட்டோட இரு நீதிபதி அமர்வு முந்தைய உத்தரவை மாத்திடுச்சு. விண்ணப்பத்துல இருந்த பிழைகள் பதிவையே ரத்து பண்ற அளவுக்கு இல்ல, விவசாயி மேல வழக்குப் போட்டதை மட்டும் வச்சு பொதுநலனுக்கு எதிரானதுன்னு சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு. பதிவைப் புதுப்பிக்கக் கேட்டிருந்த கம்பெனியோட விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாக்கச் சொன்னாங்க. சட்டப்படி இந்த மாதிரிப் பயிருக்கு மொத்தம் 15 வருஷம்தான் பாதுகாப்பு. எஃப்.எல். 2027 பதிவானது 2016 பிப்ரவரியில. புதுப்பிச்சா 2031 ஜனவரி வரைக்கும் ஓடும். அதுக்கப்புறம் அந்தக் கிழங்கை யார் வேணா நடலாம்.